பச்சை நாள் பார்த்தே போன ஒரு வருஷம்

வாசகர் கடிதம்:

வணக்கம் டாக்டர். எனக்கு 29 வயது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. கணவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்கிறார், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்தே போனில் ஒரு பீரியட்ஸ் ஆப்பில் தேதி குறித்து வருகிறேன். கரு தங்க வாய்ப்புள்ள நாள் என்று அது பச்சையாகக் காட்டும் ஆறு நாளில், கரும்பச்சையாக வரும் கடைசி மூன்று நாளுக்கு மட்டும் அவர் லீவு போட்டு வருவார். மற்ற நாளில் வந்தால் வீண் அலைச்சல் என்று வருவதில்லை. இவ்வளவு பார்த்தும் எதுவும் தங்கவில்லை. கடைசி ஆறு தடவை இடைவெளி 33, 41, 36, 47, 34, 39 நாட்கள். ஆப் சராசரி 38 என்று போட்டிருக்கிறது. போன மாதம் சில கேள்விகள் கேட்டுவிட்டு, எனக்கு பிசிஓஎஸ், அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி, இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. அதற்குக் கீழேயே 1,800 ரூபாய்க்கு ஒரு பவுடர். மாமியார் மாதாமாதம் 'விசேஷம் உண்டா' என்று கேட்கிறார். தப்பு ஆப்பிலா, என் உடம்பிலா?

இன்னொன்று. வேலையில் இருக்கும்போது 'இன்று வாய்ப்பு மிக அதிகம்' என்று போனில் வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள், எனக்கு உயிரே போய்விட்டது. இதில் நான் போடுவதெல்லாம் வேறு யாருக்காவது போகுமா? என் நாத்தனார் கைக்குழந்தைக்காரி. அடுத்தது இப்போது வேண்டாம் என்று அவளும் இதே ஆப்பைத்தான் பார்க்கிறாள். அது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது அந்த ஆறு எண்களில்தான். "மாசாமாசம் சரியா வருதாம்மா?" என்று கேட்டால், "வரும் டாக்டரம்மா, முன்ன பின்ன வரும்" என்றுதான் பெரும்பாலும் எனக்குப் பதில் கிடைக்கும். முன்ன என்றால் எத்தனை நாள், பின்ன என்றால் எத்தனை நாள் என்று கேட்டால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு யோசிப்பார்கள். உங்கள் கையில் எண்ணே இருக்கிறது. வைத்தியம் பார்க்கிறவருக்கு இது பெரிய உதவி. அதனால் ஆப்பைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அதில் நீங்கள் எழுதியதெல்லாம் உங்கள் உடம்பில் நடந்தது. அது உங்களுக்குத் திருப்பிச் சொல்வதெல்லாம் ஊகம். இரண்டும் ஒரே திரையில், ஒரே மாதிரி எழுத்தில் வருவதால், ஊகத்தையும் நடந்ததைப் போலவே நம்பிவிடுகிறோம்.

அது எப்படி ஊகிக்கிறது என்று சொல்கிறேன். வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு ஒரு பஸ் வருகிறது, வழியில் எப்போதும் ஒரு மணி நேரம்தான் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வேலூரில் எப்போது கிளம்பும் என்பது மட்டும் தினமும் மாறும். பஸ் குடியாத்தம் வந்து சேர்ந்த பிறகு, எத்தனை மணிக்குக் கிளம்பியிருக்கும் என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிடலாம். வருவதற்கு முன்னால் கேட்டால்? நேற்று, முந்தாநாள் வந்த நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். கருமுட்டை வெளிவருவதும் இப்படித்தான். முட்டை வெளிவந்த பிறகு, கரு தங்காவிட்டால், ஏறக்குறைய 14 நாளில் மாதவிடாய் வந்துவிடும். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு நாள் கூடும், குறையும், ஆனால் ரொம்ப மாறாது. மாறுவதெல்லாம் முட்டை வெளிவருவதற்கு முந்தைய பாதி. 1920களிலேயே ஜப்பானில் ஒகினோ என்ற டாக்டரும், ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்ற டாக்டரும் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள். அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். அடுத்த மாதவிடாய் என்றைக்கு என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? பழைய தேதிகளின் சராசரியைத்தான் போடுகிறது. 28 நாளுக்கு ஒருமுறை டாணென்று வருகிறவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அப்படி வருவதே குறைவு. ஆப் ஒன்றில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதவிடாய்ச் சுழற்சிகளை எடுத்துப் பார்த்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சரியாக 28 நாள் இருந்தது நூற்றுக்குப் பதின்மூன்றுதான்.

இப்போது உங்கள் எண்களை எடுத்துக்கொள்வோம். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், நீங்களும் ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

சராசரி 38. அதில் 14 போனால் 24, அதுதான் முட்டை வரும் நாள் என்று ஆப் எண்ணும். ஆகவே அதற்கு முந்தைய ஐந்து நாளையும் சேர்த்து, 19ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை பச்சை காட்டும். உங்கள் கணவர் வந்தது 22, 23, 24. இனி உண்மையில் நடந்ததைப் பார்ப்போம். 33 நாளில் வந்த மாதத்தில் முட்டை 19ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும். வெளிவந்த முட்டை உயிரோடு இருப்பது அதிகபட்சம் ஒரு நாள். அவர் வண்டி ஏறும் முன்பே அது முடிந்துவிட்டது. 34 நாள் மாதமும் அப்படியே, 20ஆம் நாளோடு சரி. 47 நாள் மாதத்தில் 33ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும். விந்தணு உள்ளே அதிகபட்சம் ஐந்து நாள் தாங்கும். 24ஆம் நாள் வந்துபோனவர் 33 வரை எப்படித் தாங்குவார்? 36 நாள் மாதத்தில் 22ஆம் நாள், ஏதோ ஓரத்தில் தொட்டிருக்கலாம். 41, 39 இரண்டிலும்தான் நாள் ஒழுங்காக அமைந்திருக்கிறது.

ஆறில் மூன்று முழுசாகத் தப்பிவிட்டது. நாள் சரியாக அமைந்தாலும், குறை எதுவும் இல்லாத தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுதான். '14 மாதமாக முயற்சி' என்று நீங்கள் நினைத்து அழுதுகொண்டிருக்கிறீர்கள். உங்கள் இடைவெளிக்கு 14 மாதத்தில் பதினோரு சுழற்சிதான் வந்திருக்கும், அதில் பாதி வீண். உண்மையில் நீங்கள் இருவரும் முயற்சி செய்தது ஐந்தாறு தடவை. இதை உங்கள் கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

கணக்குப் போடும்போது எனக்கு இரண்டு சந்தேகம் வந்தது. ஒன்று, 'முதல் நாள்' என்று எதைப் போடுகிறீர்கள்? நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு மனதில் நிற்பது தலைக்கு ஊற்றிக்கொண்ட நாள்தான். ஒருத்தி கர்ப்பமாக இருப்பதையே 'முழுகாமல் இருக்கிறாள்' என்றுதானே சொல்கிறோம். அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் இரண்டு வருஷமாக ஆப்பில் குளித்த தேதியையே போட்டு வந்திருந்தாள். அதனால் அவளுக்கு எல்லாமே நாலு நாள் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் நன்றாக வர ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். முந்தின நாள் சொட்டுக் கறை பட்டிருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்த 47 நாள் மாதத்தில் ஏதாவது மாத்திரை போட்டீர்களா? வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசு திருவிழா. அதற்கு முன்னால் நாள் தள்ளிப்போக மாத்திரை கேட்டு வருகிற பெண்களை எனக்குத் தெரியும், மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்களையும் தெரியும். அந்த மாத்திரையால் தள்ளிப்போன நாளையும் ஆப் உங்கள் உடம்பின் இயல்பு என்று எண்ணிச் சராசரியில் சேர்த்துவிடும். அந்த மாதம் மாத்திரை போட்டிருந்தால், பக்கத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அது முக்கியம்.

இனி செய்ய வேண்டியது. பச்சை நாளுக்காகக் காத்திருக்காமல் உங்கள் கணவர் வாராவாரம் சனிக்கிழமை வந்துவிடட்டும். சனியும் ஞாயிறும் சேர்ந்து இருந்தாலே, விந்தணு தாங்கும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், வாரத்தில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். மீதிக்கு உங்கள் உடம்பே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்று சில நாள் உலர்வாக இருக்கும், பிறகு கெட்டியாகக் கொஞ்சம் வெள்ளைப்படும். முட்டை வரும் நாள் நெருங்கும்போது அது தண்ணீர் மாதிரி தெளிந்து, முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழவென்று ஆகும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் நூலாக நீளும். பாத்ரூம் போய்த் துடைக்கும்போதே கை வழுக்குவது தெரியும். இது நோயில்லை, நாற்றமும் அரிப்பும் இருக்காது. அந்த வழவழப்பு தெரிகிற நாள்தான் உங்களுக்கு உண்மையான பச்சை நாள். அது 15ஆம் நாளும் வரலாம், 30ஆம் நாளும் வரலாம். புதன்கிழமை தெரிந்தால் புதன்கிழமையே போன் போடுங்கள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அன்று இரவே வந்து சேரும் தூரம்தானே.

காலையில் கண் விழித்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. அதில் சூடு ஏறுவது முட்டை வந்த பிறகுதான். தவிர, விடிவதற்குள் சமைத்துக் கட்டிக்கொண்டு கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிற உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு மனசில்லை. முட்டை வரும் நாள் நெருங்குவதைக் கோடு போட்டுக் காட்டும் ஓவுலேஷன் கிட் மெடிக்கலில் கிடைக்கும், அது உதவும்தான், ஆனால் பிசிஓஎஸ் இருந்தால் அது பொய்யாகவும் கோடு காட்டும். பரிசோதனை முடியும்வரை அதில் காசு போடாதீர்கள்.

பரிசோதனைக்குக் கட்டாயம் வர வேண்டும். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒரு வருஷம் முயன்று பார்க்கச் சொல்வோம். இடைவெளி 35 நாளைத் தாண்டித் தாண்டிப் போகிறவர்கள் அந்த ஒரு வருஷம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆறில் நாலு அப்படித்தான் இருக்கிறது. உங்கள் ஆப்புக்கு அது முதல் நாலைந்து மாதத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் 'ஒரு டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்லாமல், பவுடரைக் காட்டியிருக்கிறது. எனக்கு அதில்தான் வருத்தம். இதே வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வீட்டார் மறுத்து, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்ட பிறகுதான் அவர் டாக்டருக்குப் படிக்கவே போனார். 1918இல் பெண்களுக்கென்றே இங்கே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உடம்பில் நடந்ததையெல்லாம் 14 மாதம் ஒரு போனிடம் மட்டும் சொல்லி வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், துணைக்கு யார் வருவார்கள், 'குறை இருக்கிறது போல' என்று நாலு பேர் பேசுவார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாருங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையோ, அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியோ, உங்களுக்குப் பழக்கமான வேறு மகப்பேறு டாக்டரோ, எதுவானாலும் சரி.

பிசிஓஎஸ் என்று ஆப் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பதற்கான அறிகுறி, அதாவது தாடையில் முடியோ தீராத பருவோ ரத்தத்தில் அளவோ, பிறகு ஸ்கேனில் சினைப்பை தெரியும் விதம். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதோடு தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் சரியாக இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் நாங்களே அந்தப் பெயரைச் சொல்வோம். நாலு கேள்வியில் முடிகிற விஷயமில்லை. 'நீர்க்கட்டி' என்ற சொல்லைக் கேட்டே பாதிப் பேர் இடிந்துபோகிறார்கள். அவை ஆபரேஷன் செய்து எடுக்கும் கட்டிகள் இல்லை, முழுசாக வளராமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள். அப்படியே இருந்தாலும், முட்டையை வெளிவரச் செய்ய நல்ல மாத்திரைகள் உண்டு. எடை கூடியிருப்பவர்களுக்கு, 70 கிலோவில் மூன்றரை, நாலு கிலோ குறைந்தாலே சுழற்சி தானாகத் திரும்புவதும் உண்டு. அந்த 1,800 ரூபாயில் முதல் ரத்தப் பரிசோதனைகளுக்கு வேண்டிய பணம் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் அதுவும் தேவையில்லை.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு பெண் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. மாதவிடாய் வந்த நாளெல்லாம் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அன்றைய தாளைக் கிழித்து, பவுடர் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்து என் மேசையில் கொட்டினாள். பதினோரு தாள். நகைக்கடை விளம்பரம், கிருத்திகை, அமாவாசை எல்லாம் அச்சடித்த தாள்கள், பவுடர் வாசனையோடு. நானும் நர்ஸும் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினோம். தைமாதம் வரைக்கும் முப்பது, முப்பத்தொன்று என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, அதற்கப்புறம் நாற்பது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தைந்து. "தையில இருந்து உடம்புக்கு வேற எதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டேன். அசதி, முடி கொட்டுவது, மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தைராய்டு. தினம் ஒரு மாத்திரையில் நாலாவது மாதமே சுழற்சி பழையபடி ஆனது. அந்தத் தாள்கள் ஜோசியம் எதுவும் சொல்லவில்லை, நடந்ததைக் காட்டின. உங்கள் ஆப்பையும் அந்தப் பவுடர் டப்பா மாதிரி வைத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் ஓர் எச்சரிக்கை. முட்டை வந்ததா என்று பார்க்க '21ஆம் நாள் புரொஜெஸ்ட்ரான்' எழுதித் தருவது வழக்கம். அந்த 21 என்பது 28 நாள்காரிகளுக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு பார்க்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. 38, 40 நாளில் வருகிற நீங்கள் 21ஆம் நாள் கொடுத்தால், வராத முட்டைக்கு முன்கூட்டியே 'இல்லை' என்று ரிசல்ட் வந்துவிடும். லேபுக்குப் போகும் முன் உங்கள் ஆறு எண்களையும் டாக்டரிடம் காட்டி, எந்த நாள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் 90 நாள் வரை வராமல் போனால், குழந்தை வேண்டும், வேண்டாம் என்ற பேச்சே இல்லை, உடனே வர வேண்டும். கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பித்துவிடலாம், நாளுக்கு 400 மைக்ரோகிராம். கரு தங்கிய முதல் வாரங்களிலேயே குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகிவிடுவதால், தங்கியது தெரிந்த பிறகு ஆரம்பித்தால் பாதிப் பலன் போய்விடும்.

கரு தங்கிய பிறகும் இந்த ஆப் உங்களைப் பயமுறுத்தும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அது வாரம் எண்ணும். 14ஆம் நாள் முட்டை வந்தது என்பது அதன் அனுமானம். ஆரணிப் பக்கத்து டீச்சர் ஒருவர், ஆப் எட்டு வாரம் என்று காட்டியதும் ஸ்கேன் எடுக்கப் போனார். ஸ்கேனில் வெறும் பைதான் தெரிந்தது, இதயத்துடிப்பு இல்லை. அங்கே இருந்தவர்கள் 'வளர்ச்சி இல்லை, கலைத்துவிடலாம்' என்று சொல்லிவிட்டார்கள். அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார். பழைய இடைவெளி என்ன என்று கேட்டால், 'நாப்பத்தஞ்சு, அம்பது ஆகும்' என்றார். அப்படியானால் முட்டை வந்ததே 35ஆம் நாள் வாக்கில், மூன்று வாரம் தாமதம். கரு ஐந்து வாரம்தான் இருக்கும், ஐந்து வாரத்தில் பை மட்டும்தான் தெரியும். ரத்தப்போக்கும் வலியும் இல்லாததால் இரண்டு வாரம் பொறுத்திருக்கச் சொன்னேன். அடுத்த ஸ்கேனில் துடிப்பு டக்டக்கென்று வந்தது. அந்தக் குழந்தை இப்போது எல்கேஜி. உங்களுக்கும் நாள் தள்ளிப்போய், கிட்டில் இரண்டு கோடு வந்தால், கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்யும்போதே 'எனக்கு 38 நாள், 40 நாள் ஆகும்' என்று சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாத ஸ்கேன் அளவை வைத்துத் தேதி போடட்டும். ஒரு பக்கமாக அடிவயிறு வலித்தாலோ தலைசுற்றினாலோ மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

போனில் போடுவது வேறு யாருக்காவது போகுமா என்று கேட்டீர்கள். போயிருக்கிறது. ஃப்ளோ என்ற, உலகம் முழுக்கப் பெண்கள் பயன்படுத்தும் ஆப், யாரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மாதவிடாய் விவரம், கர்ப்பமாக விருப்பம் என்பதையெல்லாம் ஃபேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளுக்கு அனுப்பியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2021இல் சமரசத்தில் முடிந்தது. அதே விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு எதிராகவும் ஜூரி தீர்ப்புச் சொன்னது. அங்கே 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்ட பிறகு, இந்தப் பதிவே தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுமோ என்று பயந்து பெண்கள் ஆப்பை அழித்தார்கள். நம் சட்டம் வேறு. 1971 சட்டப்படி இங்கே கருக்கலைப்புக்கு வழி உண்டு, செய்துகொண்டவர் பெயரை வெளியிடுவது குற்றம். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023இல் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் ஆப்பில் பவுடர் விளம்பரம் வந்து நின்றது என்றால், நீங்கள் கொடுத்த பதிலை வைத்து யாரோ வியாபாரம் செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆகவே ஆப்பில் தேதி போடுங்கள், வழவழப்பு, வலி, மாத்திரை குறியுங்கள். பெயர், போன் நம்பர், யாரோடு எப்போது சேர்ந்தீர்கள் என்பதெல்லாம் அதற்கு எதற்கு? நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள். கம்பெனியில் உங்களுக்கு நடந்தது இனி நடக்காது. அதுவும் வேண்டாம் என்றால், பத்து ரூபாய் பாக்கெட் நோட்டில் தேதி எழுதினாலே எனக்குப் போதும்.

நாத்தனாருக்கு இன்றே சொல்லுங்கள்: அந்த ஆப்பை நம்பி இருக்கக் கூடாது. பிரசவத்துக்கு அப்புறம் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வந்துவிடும். பழைய தேதியே இல்லாத உடம்புக்கு ஆப் எதை வைத்துச் சராசரி போடும்? கருத்தடைக்கென்றே 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்த ஓர் ஆப் உண்டு, அதில்கூட தினமும் உடல்சூடு பார்த்துப் போட வேண்டும். அப்படிப் போட்டும், நடைமுறையில் வருஷத்துக்கு நூறு பேரில் ஆறேழு பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் அதுவே ஓரளவு காப்பு. இதில் ஒன்று மாறினாலும் போதாது. அரசு மருத்துவமனையில் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் இலவசம். பால் கொடுக்கிறவர்களுக்கும் ஆகும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எங்கேயும் வராத ஒன்று. உங்கள் கணவர் இதுவரை ஒரு பரிசோதனையும் செய்துகொண்டதாக நீங்கள் எழுதவில்லை. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஆறு மாதம் உங்களுக்கு ஊசியும் ஸ்கேனும் பார்த்த பிறகு, கடைசியில் அவருக்கு எண்ணிக்கை குறைவு என்று தெரியவரும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவருடையது ஒரே ஒரு பரிசோதனை, வலி கிடையாது, பெரிய செலவும் இல்லை. அதற்கு முன்னால் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேல் போகாமலும் இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஞாயிறு இரவு கிளம்பிப் போகிறவர் சனிக்கிழமை திரும்பி வரும்போது அது தானாகவே அமைந்துவிடும். வருகிற சனிக்கிழமை அவர் குடியாத்தம் வந்து இறங்கியதும் நேராக லேபுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரட்டும். உங்களுக்கு அடுத்த முறை மாதவிடாய் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலையில் டாக்டரிடம் வாருங்கள். ரத்தம் போகும்போது எப்படி வருவது என்று தயங்க வேண்டாம், சில ஹார்மோன் பரிசோதனைகளுக்கு அந்த நாள்தான் சரி. அவருடைய ரிசல்ட்டும் உங்கள் ஆறு எண்களும் ஒரே கவரில் இருக்கட்டும்.